வெறும் மடியும் ஒரு கணக்கு



மீன்வளப் புள்ளியியலை வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. அவர்களில் ஒருவனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்தத் தொழிலைப் பற்றியே பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் சொல்லவந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் கிடைக்காத நாளையும், மீன் இல்லாத இடத்தையும், வெறுங்கையோடு கரை திரும்பிய படகையும், நிறைந்த படகைப் பார்த்து எழுதும் அதே அக்கறையோடு எழுதிவைப்பவரே இந்தத் தொழிலுக்கு உரியவர். மற்ற திறமைகளை எல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

2023ஆம் ஆண்டில் இந்தியப் பெருநிலக் கரையில் இறங்கிய கடல்மீன் 35.3 லட்சம் டன் என்று கொச்சியிலுள்ள மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கணித்துச் சொன்னது. செய்தித்தாளில் ஒரு பத்தியாக வந்து போகும் எண் இது. இதை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, கரும்புக்கு ஆலை வாசலில் எடைமேடை இருக்கிறது. மீனுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. 2010ஆம் ஆண்டின் மீனவர் கணக்கெடுப்பின்படி இந்தியக் கரையில் 1,511 மீன் இறங்குதளங்கள் இருந்தன. அவற்றில் சில, நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் நிற்கும் துறைமுகங்கள். பல, நாலு வள்ளங்களை மணலில் இழுத்துப் போட்டிருக்கும் வெறும் கரை. படகு வரும் நேரம் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கட்டுப்பட்டது. வந்த மீன் அரை மணி நேரத்தில் ஏலம் போய், ஐஸ் பெட்டிக்குள் புகுந்து, லாரி ஏறிவிடும். எழுதாமல் விட்ட காலைப்பொழுதைத் திரும்ப அழைத்து எண்ண முடியாது.

இந்தச் சிக்கலை நாடு விடுதலை பெற்ற காலத்திலேயே எதிர்கொண்டார்கள். அந்த நிறுவனம் 1947 பிப்ரவரியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கியது; நெடுங்காலம் அதன் தலைமையகம் நம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. கொச்சிக்குத் தலைமையகம் போனது 1971இல். வேளாண் புள்ளியியலில் பெரும் பெயர் பெற்ற பி.வி. சுகாத்மே, வி.ஜி. பான்சே இருவரும் கே.வி.ஆர். சாஸ்திரியோடு சேர்ந்து 1958இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவின் கடல்மீன் பாட்டை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடும் வழியைச் சொன்ன கட்டுரை அது. சுகாத்மேயும் பான்சேயும் அதற்கு முன் நெல், கோதுமை வயல்களில் சமவாய்ப்பாகத் துண்டு நிலம் தேர்ந்து, அறுத்து, எடை பார்த்து, மாவட்ட விளைச்சலைக் கணிக்கும் முறையை வளர்த்தவர்கள். வயலில் கற்றதைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். வயல் இருந்த இடத்தில் இருக்கும், படகு இருக்காது. ஆகவே இடத்தோடு காலத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ‘ஓர் இறங்குதளத்தில் ஒரு நாள்’ என்பதே இங்கே முதல் நிலை அலகு. அந்த நாளில் அங்கே வந்த படகுகள் அடுத்த நிலை.

அந்த வடிவமைப்பைச் சற்று விரித்துச் சொல்கிறேன், மாணவர்கள் பொறுத்தருளவேண்டும். கரை முழுவதையும் மண்டலங்களாகப் பிரிப்பார்கள். பெரிய துறைமுகம் என்றால் அது ஒன்றே தனி மண்டலம். மாதத்தைப் பத்துப் பத்து நாட்களாக மூன்று பகுதியாக்குவார்கள். முதல் பகுதியின் முதல் ஐந்து நாட்களில் ஒன்றைச் சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து எடுப்பார்கள். 4 என்று வந்தால், 4-5, 6-7, 8-9 தேதிகள் மூன்று இணைகள். அடுத்த பகுதியில் 14இல் தொடங்கும், அதற்கடுத்து 24இல். ஒவ்வோர் இணைக்கும் ஓர் இறங்குதளம், அதுவும் சமவாய்ப்பாகவே. கணக்கெடுப்பாளர் முதல் நாள் நண்பகல் போய் மாலை 6 மணிவரை நிற்பார். மறுநாள் காலை 6 மணிக்கு மீண்டும் வந்து நண்பகல்வரை நிற்பார். இடைப்பட்ட இரவில் என்ன இறங்கியது என்பதைக் காலையில் விசாரித்து எழுதிக்கொள்வார். இப்படி இருபத்துநாலு மணி நேரம் நிறையும்.

பத்து நாள் இடைவெளி எனக்கு எப்போதும் பிடித்த நுட்பம். பாக் நீரிணைப் பகுதியில் நெடுங்காலமாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும், மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. திங்கள் போன விசைப்படகு செவ்வாய் காலைதான் கரை திரும்பும். அங்கே ஒருவர் வசதிக்காக ஒவ்வொரு செவ்வாயும் போய்க் கணக்கெடுத்தால், வாரம் முழுக்க இழுவை மடிதான் மீன் பிடிக்கிறது என்று எழுதிவிடுவார். வெள்ளிக்கிழமையை வழக்கமாகக் கொண்டால் செவுள்வலை மட்டும்தான் இருப்பதுபோலத் தெரியும். பத்து நாள் இடைவெளி ஏழு நாள் வாரத்தோடு கால் பொருந்தாது, கிழமை நகர்ந்துகொண்டே இருக்கும். மனிதர்கள் கிழமைப்படி வாழ்கிறார்கள், மீன்பிடியும் கிழமைப்படி நடக்கிறது. அதில் சிக்கிக்கொள்ளாத ஒரு நாள்காட்டி கணக்கெடுப்பாளருக்கு வேண்டும்.

படகுகளைத் தேர்வதற்கும் விதி உண்டு. பதினைந்து அல்லது அதற்குக் குறைவாக வந்தால் எல்லாப் படகுகளையும் பார்க்கவேண்டும். ஐம்பதோ அதற்கு மேலோ வந்தால் ஐந்துக்கு ஒன்று. இடைப்பட்ட எண்ணிக்கைகளுக்கு இடைப்பட்ட விகிதங்கள். காகிதத்தில் எளிமையான விதி. காலை ஆறரை மணிக்கு, நூறு படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு தளத்தில் அணையும்போது, ஏலக்காரர் குரலும் ஐஸ் உடைக்கும் சத்தமும் காதை அடைக்கும்போது, அதைக் கடைப்பிடிப்பது மனக்கட்டுப்பாட்டுக்கான சோதனை. கண் தானாகவே நிறைந்த படகை நோக்கிப் போகும். கூட்டம் அங்கேதான் கூடும், பேச்சும் அங்கேதான். பத்தாவதாக வந்த படகில் இரண்டு கூடை காரலும், மீன்தூளுக்குப் போகும் கொஞ்சம் சங்காயமும் மட்டும் இருக்கும். அந்தப் படகின் ஆட்கள் முகம் கொடுத்துப் பேச விரும்பாமல் வலையை உதறிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய், எத்தனை பேர் போனீர்கள், எத்தனை மணி நேரம் மடி இழுத்தீர்கள், எத்தனை பாகம் ஆழம் என்று கேட்பது சங்கடமான வேலை. ஆனால் ஐந்துக்கு ஒன்று என்ற எண்ணிக்கையில் அவர்கள் முறை வந்திருக்கிறது. அந்த ஒரு படகு ஐந்து படகுகளுக்காகப் பேசுகிறது. அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் நிறைபடகை எழுதினால், இல்லாத மீனை ஐந்தால் பெருக்கி, பிறகு மாதத்தின் நாட்களாலும் மண்டலத்தின் தளங்களாலும் பெருக்கிவிடுவோம்.

இங்கே ஒரு சிறு செய்தி, பார்க்க அற்பமானது. கணக்கெடுப்புப் படிவத்தில் கட்டத்தைக் காலியாக விடுவதும் பூஜ்ஜியம் போடுவதும் ஒன்றல்ல. காலிக் கட்டம் என்றால் நான் பார்க்கவில்லை என்று பொருள். பூஜ்ஜியம் என்றால் நான் போனேன், நின்றேன், பார்த்தேன், ஒன்றும் இறங்கவில்லை என்று பொருள். புயல் எச்சரிக்கையால் ஒரு படகும் இறங்காத நாளில், ஆளில்லாத தளத்தில் ஆறு மணி நேரம் நின்றுவிட்டுப் பூஜ்ஜியம் எழுதிவரும் இளைஞர்களை நான் அறிவேன். வீட்டிலிருந்தே அந்தப் பூஜ்ஜியத்தை எழுதியிருக்க முடியாதா என்று அவர்களிடம் பலர் கேட்டிருப்பார்கள். எழுதியிருக்க முடியாது. ஒரு புயல் நாளில் தளத்தின் தென்கோடியில் இரண்டு கரைவலை இழுத்து, நெத்திலி வந்திருக்கும். நேரில் நின்றவருக்கே அது தெரியும். அவர்கள் மீது எனக்குள்ள மரியாதை அளவற்றது.

கரையை விட்டுக் கடலுக்குள் போவோம். இறங்குதளத்தில் எடுக்கும் கணக்கு, மனிதர்கள் எவ்வளவு பிடித்தார்கள் என்பதைச் சொல்லும். கடலில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி, அதற்குத் தனியே ஆய்வுக் கப்பல் வேண்டும். நம் பக்கத்தில் இந்த முயற்சி பழையது. 1920களின் பிற்பகுதியில் சென்னை அரசு ‘லேடி கோஷன்’ என்ற இழுவைக் கப்பலை நம் கரையோரக் கடலை ஆராய அனுப்பியது. அந்நாளைய ஆய்வுகளின் நோக்கம் மீன் மிகுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது. இன்றைய ஆய்வின் நோக்கம் மாறிவிட்டது. கடல் முழுவதிலும் என்ன இருக்கிறது, சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று அறியவேண்டும். நோக்கம் மாறினால் மடி விடும் இடமும் மாறவேண்டும். இதை விளங்கிக்கொள்ள, தூத்துக்குடிப் பக்கத்து ஸ்ராங்கு ஒருவரோடு நான் பேசிய பேச்சை நினைத்துக்கொள்கிறேன். சமவாய்ப்பாகக் கிடைத்த ஒரு புள்ளியில் மடி விடச் சொன்னேன்.

“சார், மீன் கெடக்குற எடம் எனக்குத் தெரியும். இது வெறும் சேறு. இதுல மடி விட்டு என்ன ஆகப்போவுது?” என்றார்.

“இங்க ஒண்ணும் இல்லைங்கிறதையும் எழுதணும் அண்ணாச்சி.”

“இல்லாதத எழுதுறதுக்கு ஒரு கப்பலா?”

நேர்மையான கேள்வி. தலைமுறை தலைமுறையாகக் கணியம் பார்த்து, பார் எங்கே, சேறு எங்கே, எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்று கற்றவர் கேட்ட கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். 3 நாட் வேகத்தில் அரை மணி நேரம் மடி இழுத்தால் கப்பல் ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் நகரும். மடியின் வாய் 15 மீட்டர் விரிந்திருந்தால், வாரிய தரை ஏறத்தாழ பத்து ஏக்கர். நாற்பது முறை மடி விட்டாலும் 1.7 சதுர கிலோமீட்டரைத் தாண்டாது. ஆயிரம் சதுர கிலோமீட்டர் கடலுக்கு இவ்வளவுதான் சாட்சி. இப்போது இருபது இடங்களில் மடி விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் சராசரியாக 40 கிலோ வருகிறது, பதினைந்தில் வெறும் மடி. சராசரி 10 கிலோ. ஸ்ராங்கு அண்ணாச்சி சொன்ன ஐந்து இடங்களில் மட்டும் விட்டிருந்தால் 40 கிலோ. அடுத்த ஆண்டு மீன் பாதியாகக் குறைந்து, மிச்சமிருப்பது இரண்டு பாரைச் சுற்றி ஒதுங்கிவிட்டது என்று வையுங்கள். அந்த இரண்டு பாரை அறிந்தவருக்கு அப்போதும் 40 கிலோ வரும். அவர் அறிவு ஒரு துளியும் குறையவில்லை. கடல் வெறுமையாகிக்கொண்டே போவது அவர் மடியில் தெரியாது, அவ்வளவுதான். மீனவரின் திறமை மீன் இருக்கும் இடத்தைத் தேடுவது. ஆய்வாளர் தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கைவிட்டவர்.

இப்படி ஒரு கடல் வெறுமையான வரலாறு உண்டு. கனடாவின் கிழக்கே, நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடக்குக் காட் மீன். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவுக்கே உணவளித்த மீன்வளம். 1968இல் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் பிடிக்கப்பட்டது. பெரும்பாலும் வெளிநாட்டு ஆலைக் கப்பல்கள். 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை அறிவித்து அந்தக் கப்பல்களை வெளியேற்றியபோது, இனி வளம் மீளும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1980களில் மதிப்பீட்டாளர்கள் முன் இரண்டு தொடர்கள் இருந்தன. ஒன்று, பெரிய இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பிடித்தன என்ற வணிகக் கணக்கு. மற்றொன்று, ஆழவாரியாக அடுக்குகள் பிரித்து, சமவாய்ப்புப் புள்ளிகளில் மடி விட்ட அரசு ஆய்வுக் கப்பலின் கணக்கு. வணிகக் கணக்கு நம்பிக்கை தந்தது. ஆய்வுக் கணக்கு அதைவிடத் தாழ்வாகவும், ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்கியும் இருந்தது. 1986இல் திடீரென்று ஓர் உயர்ந்த எண்ணும் வந்தது. தாழ்வாகவும் நிலையில்லாமலும் இருக்கும் ஒரு கணக்கை, உயரமாகவும் ஒழுங்காகவும் இருக்கும் கணக்கின் அருகில் வைத்தால் மனம் எதை நம்பும் என்று சொல்லவேண்டியதில்லை. மதிப்பீட்டில் இரண்டுக்கும் இடம் கொடுக்கப்பட்டது, பிடிப்பு அனுமதி உயரமாகவே தொடர்ந்தது.

வணிகக் கப்பல்கள் பொய் சொல்லவில்லை. காட் மீன் குறையக் குறைய, மிச்சமிருந்தவை நெருங்கிக் கூடின. எதிரொலிக் கருவி வைத்திருந்த கப்பல்கள் அந்தக் கூட்டத்தைத் தேடிப்போய் மடியை நிரப்பின. அவை போகாத கடற்பரப்பு கணக்கில் வரவே இல்லை. ஆனால் கரையோரத்தில் பொறிவலை வைத்துக் காத்திருந்த சிறு மீனவர்கள், மீன் சிறுத்துவிட்டது, கரைக்கு வருவதில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களால் மீனைத் துரத்திப் போக முடியாது. வருவது வரும், வராதது வராது. அவர்களுடைய வலையில் பூஜ்ஜியம் விழும். 1986இல் அவர்களுடைய சங்கமே உயிரியலாளர்களை அமர்த்தி அரசின் மதிப்பீட்டைத் தனியே ஆராயச் செய்தது, மதிப்பீடு மிகையானது என்ற முடிவும் வந்தது. 1989இல் அரசு விஞ்ஞானிகளும் தங்கள் எண்ணைப் பெரிதும் குறைத்தார்கள். 1992 ஜூலை 2ஆம் தேதி, மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி காட் பிடிப்புக்குத் தடை அறிவித்தார். ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அந்தத் தடை விலகியது 2024இல். முப்பத்திரண்டு ஆண்டுகள், அதாவது ஒரு தலைமுறை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். கரையோர மீனவரின் வெறும் வலையும் ஆய்வுக் கப்பலின் வெறும் மடியும் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க ஆளில்லாமல் போனது.

ஆய்வுக் கப்பலின் கணக்கு தானாகவே புனிதமாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் மையம் 1963 இலையுதிர் காலத்தில் தொடங்கிய மடி ஆய்வு, உலகின் மிக நீண்ட தொடர்களில் ஒன்று. ‘ஆல்பட்ராஸ் 4’ என்ற கப்பல் பல்லாண்டுகள் அரை மணி நேர இழுப்பு என்ற ஒரே முறையில் அந்த வேலையைச் செய்தது. 2000இல் மாற்றிய இழுவைக் கம்பிகளில் நீளக்குறிகள் பிசகியிருந்தன. ஒரு பக்கக் கம்பி மறுபக்கத்தைவிட நீளமாக ஓடியது, மடி கோணலாகப் போயிருக்கலாம். 2002இல் இது வெளிவந்தது, சுட்டிக்காட்டியவர்கள் மீனவர்கள். மீன் குறைந்ததா, மடி கோணியதா என்று துறைமுகங்களில் கொந்தளிப்பு. ஆய்வாளர்கள் மீனவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு சோதனை இழுப்புகள் நடத்தினார்கள். தொடரில் பெரிய முறிவு தெரியவில்லை என்ற முடிவு வந்தது. ஆனால் நம்பிக்கையில் விழுந்த கீறல் அந்த முடிவால் ஆறிவிடவில்லை. அதன்பின் மீனவர்களும் மடி கட்டுவோரும் விஞ்ஞானிகளும் அடங்கிய குழு ஒன்று அமைந்தது. 2009இல் ‘ஹென்றி பி. பிகிலோ’ என்ற புதிய கப்பல் பொறுப்பேற்றபோது, அதன் மடியை வடிவமைப்பதில் அந்தக் குழுவுக்குப் பங்கிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பழைய கப்பலும் புதிய கப்பலும் அருகருகே நூற்றுக்கணக்கான முறை மடி விட்டு, ஒன்றின் ஒரு கிலோ மற்றொன்றில் எத்தனை கிலோ என்று இனவாரியாக ஒப்பிட்டார்கள். அந்தச் செலவைச் செய்யாதிருந்தால் நாற்பத்தைந்து ஆண்டுத் தொடர் அன்றோடு அறுந்திருக்கும்.

இந்த ஒப்பீடு நமக்கு அருகிலும் தேவைப்படுகிறது. நார்வேயின் ‘டாக்டர் ஃபிரிட்ஜாஃப் நான்சன்’ என்ற பெயர் தாங்கிய கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலை ஆராய்ந்தது. அதே பெயரில் வேறொரு கப்பல் 2018இல் மீண்டும் வந்தது. இடையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். கப்பல் வேறு, கருவி வேறு. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்ப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய.

மீன்பாடு குறைந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்டுப் பழகவேண்டும். எத்தனை படகு, எத்தனை மணி நேரம்? 2019இல் நாட்டின் கடல்மீன் இறக்கம் 35.6 லட்சம் டன், 2020இல் 27.3 லட்சம் டன். அந்த ஆண்டு பெருந்தொற்று. படகுகள் கட்டிக் கிடந்தன. கடலில் மீன் குறைந்ததற்கு அந்த எண்ணில் எந்தச் சான்றும் இல்லை. இதற்கு மறுபக்கம் கேரளத்தின் மத்தி. 2012இல் அங்கே இறங்கிய மத்தி ஏறத்தாழ 3.9 லட்சம் டன், 2021இல் வெறும் 3,297 டன். இங்கே படகுகள் கடலுக்குப் போயின, வேறு மீனோடு திரும்பின. போன படகுகளையும் அவை கழித்த நேரத்தையும், மத்தி என்ற கட்டத்தில் பூஜ்ஜியத்தையும் தளத்துக்குத் தளம் எழுதிவைத்ததால்தான், இது மீனின் வீழ்ச்சி, உழைப்பின் வீழ்ச்சி அல்ல என்று பிரித்தறிய முடிந்தது.

நம் மாநிலத்தின் 61 நாள் தடைக்காலத்தைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் மீன் பெருகியதா என்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் 61 ஆனது. தடை முடிந்த முதல் வாரத்துப் பாட்டை மட்டும் காட்டி வெற்றி என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. இரண்டு மாதம் யாரும் மடி விடாத கடலில் முதல் வாரம் மீன் நிறையத்தான் வரும். ஆகஸ்டிலும் நவம்பரிலும் ஒரு மணி நேர இழுப்புக்கு எவ்வளவு வருகிறது, எந்த அளவுக் குஞ்சு வருகிறது என்று பார்க்கவேண்டும். அதற்குத் தடைக்காலத்திலும் ஆய்வு மடி கடலில் ஓடவேண்டும், அதே புள்ளிகளில், ஆண்டுதோறும்.

மாணவர்களுக்குத் தொழில் பற்றிச் சில சொற்கள். மீன்வளக் கல்லூரி நம் தூத்துக்குடியில் 1977 முதல் இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்கு மீன் தெரியும், கணக்கென்றால் தயக்கம். புள்ளியியல் துறைகளில் படித்தவர்களுக்குச் சூத்திரம் தெரியும், காரலுக்கும் சாளைக்கும் வேறுபாடு தெரியாது. இருவரும் பாதி வழி நடந்து வந்தால் இந்தத் துறைக்கு ஆள் கிடைப்பார்கள். திட்டப்பிழை என்ற ஒன்றை ஏன் கணிக்கிறோம் என்று கேட்டால் சூத்திரத்தை ஒப்பிக்காதீர்கள். ஒரு மாநிலத்தின் ஆண்டுப் பாட்டுக்கு நம்பத்தக்கதாக இருக்கும் அதே கணக்கெடுப்பு, ஒரு கிராமத்தின் ஒரு மாதப் பாட்டுக்குப் பயன்படாது என்பதை அது சொல்கிறது. பேரிடர் வந்தபின் ஊர்வாரியாக இழப்பைச் சொல்லுங்கள் என்று மேலிருந்து கேட்பார்கள். அந்த எண்ணைத் தர இந்த வடிவமைப்பு போதாது என்று எழுத்தில் சொல்லும் துணிவு வேண்டும். நல்ல எண்ணைத் தருவதற்கு இணையான கடமை அது.

கரையில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். ஏலக்காரரும், கூடை வைத்துக் காத்திருக்கும் மீன்விற்கும் அம்மாக்களும் ஒரு படகின் பாட்டைப் பார்வையிலேயே எடை சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னதைத் தராசில் சரிபார்த்துக்கொண்டே வாருங்கள், ஓராண்டில் உங்கள் கண்ணும் பழகிவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்பவர், அன்றைய பாட்டில் டீசல் காசு தேறாத மனிதராக இருக்கலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இன்னும் கணக்கில் ஏறாதவை ஏராளம். கடலிலேயே கொட்டிவிட்டு வரும் மீன் தளத்துக்கு வருவதே இல்லை. மீன்தூள் ஆலைக்குப் போகும் சங்காயத்தில் எத்தனை இனத்துக் குஞ்சுகள் என்று கூறுபோட்டுப் பார்க்க நேரமும் ஆளும் போதவில்லை. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பு, கழிமுகங்களில் கையால் சிப்பி பொறுக்குவோரின் உழைப்பு, இவை படகை அலகாகக் கொண்ட வடிவமைப்பில் எப்படிச் சேரும்? கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் ஆழ்கடல் மீனவர்கள் கொச்சியைத் தளமாகக் கொண்டு மீன் இறக்குகிறார்கள். இறங்கிய இடத்தை வைத்து எண்ணும்போது அது கேரளத்தின் பாடு. தூத்தூரின் வாழ்வு தமிழ்நாட்டுக் கணக்கில் தெரிவதில்லை. இது பிழையல்ல, வடிவமைப்பின் எல்லை. ஆனால் திட்டமிடுவோர் அந்த எல்லையை அறிந்திருக்கவேண்டும்.

கடைசியாக, படகு உரிமையாளர் சங்கத்துப் பெரியவர்கள் இங்கே இருப்பதால், அவர்கள் முன்னிலையில் ஒரு வேண்டுகோள். கரையில் கேட்டு எழுதும் விவரம் கொச்சிக்கும் டெல்லிக்கும் போகிறது, அச்சாகிறது. சொன்னவருக்கு அது திரும்பி வருவதில்லை. ஒவ்வோர் இறங்குதளத்திலும் ஏலக்கூடச் சுவரில், அந்த மண்டலத்தின் சென்ற மாதப் பாடு எவ்வளவு, அது எந்த எல்லைக்குள் கூடக்குறைய இருக்கலாம், எத்தனை படகு பார்த்து எழுதியது, அவற்றில் எத்தனை வெறும் படகு என்று நான்கு வரி தமிழில் எழுதிவைக்கவேண்டும். தவறு என்று தோன்றினால் மீனவர் கேட்கட்டும். இழுவைக் கம்பி பிசகியதை அமெரிக்காவில் மீனவர்கள்தானே கண்டார்கள். என்னை அழைத்த இந்த அறக்கட்டளையின் நிதியிலிருந்து ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க முடியுமா என்று அதன் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். தொடக்கத்தில் ஒரு பெரிய துறைமுகமும் இரண்டு நாட்டுப்படகுத் தளங்களும் போதும். தடைக்காலம் முடிந்து ஜூன் 15ஆம் தேதி விசைப்படகுகள் இறங்கும், அன்றிலிருந்தே தொடங்கலாம். வர விரும்பும் மாணவர்கள் துறை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். படிவம் நிரப்பவும் சமவாய்ப்பு அட்டவணை பார்க்கவும் மே மாதத்தில் நானே வந்து கற்றுத் தருகிறேன்.